சக்தி ஏதுமில்லாத ஒருவர் முகமூடி அணிந்து தட்டிக்கேட்கப் புறப்பட்டால், அந்தக் கதை நம்பும்படி இருக்குமா?

மைக்கூடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீண்ட சித்திரக்கதை ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதன் நாயகி நடுவயதுப் பெண். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வேற்றுக்கிரகப் பிறப்போ, ஆய்வகத்து விபத்தோ, பரம்பரைச் சொத்தோ அவருக்குக் கிடையாது. தான் வாழும் பகுதியில் நடக்கும் வழிப்பறிகளையும் அடிதடிகளையும் கண்டு மனம் வெதும்பி, தானே தைத்த உடையையும் முகமூடியையும் அணிந்துகொண்டு இரவில் காவல் சுற்றக் கிளம்புகிறார் என்பதே தொடக்கம்.

முதல் நாற்பது பக்கங்களைப் படித்த நண்பர், இந்தப் பெண் பத்தாம் பக்கத்திலேயே மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டியவர் என்று சொல்லிவிட்டார். அவர்தான் படம் வரையப் போகிறவர் என்பதால் அந்தக் கருத்தை ஒதுக்கிவிட முடியவில்லை. பணத்தைக் கொட்டிக் கருவிகளை வாங்கிக்கொள்ளும் செல்வந்தர் நாயகனாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் அப்படிப்பட்டவரைச் சாதாரண மனிதர் என்று என்னால் எழுத முடியாது.

ஆகவே என் கேள்வி இதுதான். உடல் வலிமையும் பணமும் சட்ட அதிகாரமும் இல்லாத ஒருவர் வேடமணிந்து அநியாயத்தைத் தட்டிக்கேட்பது, வாசகர் நம்பும்படி எந்த வடிவத்தில் நடக்கக்கூடும்? உண்மையில் அப்படிச் செய்தவர்கள் யாரேனும் உண்டா? அவர்களுக்கு என்ன நேர்ந்தது?

கோட்டான் எழுதியது:

என் கணிப்பில் உங்கள் நாயகி பத்தாம் பக்கத்தில் மருத்துவமனைக்குப் போகமாட்டார். அலுத்துப்போய் வீட்டுக்குத்தான் திரும்புவார். இரவு முழுவதும் தெருக்களைச் சுற்றி வருபவரின் கண்முன்னே, அவர் தலையிடக்கூடிய சில நிமிடங்களுக்குள், ஒரு குற்றம் நிகழ்வது அவ்வளவு அரிது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் நகரக் காவல்துறை 1972-73இல் ஒரு சோதனை நடத்தியது. நகரின் 15 ரோந்துப் பகுதிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் வழக்கமான ரோந்தை அடியோடு நிறுத்திவிட்டு, அழைப்பு வந்தால் மட்டும் வண்டியை அனுப்பினார்கள். இன்னொரு வகையில் எப்போதும்போல நடத்தினார்கள். மூன்றாவது வகையில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காகக் கூட்டினார்கள். இறுதியில் கணக்கெடுத்தபோது, குற்றங்களின் அளவிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. வண்டியும் வானொலித் தொடர்பும் சீருடையும் உள்ள காவலர்களின் ரோந்துக்கே இந்தக் கதி என்றால், பகலெல்லாம் வேலை செய்துவிட்டுத் தூக்கத்தைத் தியாகம் செய்து நடந்தே சுற்றும் ஒற்றைப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அப்படியே ஏதாவது கண்ணில் பட்டாலும் அடுத்த சிக்கல் அங்கே காத்திருக்கிறது. சியாட்டில் நகரில் ஃபீனிக்ஸ் ஜோன்ஸ் என்ற பெயரில் ஒருவர் கருப்பும் பொன்னிறமுமான கவச உடையணிந்து, தம்மைப் போன்ற சிலரைச் சேர்த்துக்கொண்டு சுற்றிவந்தார். அவர் பயிற்சி பெற்ற சண்டை வீரரும்கூட. 2011 அக்டோபரில், கேளிக்கை விடுதி ஒன்றின் அருகே ஒரு கூட்டம் கைகலப்பில் ஈடுபட்டிருப்பதாகக் கருதி ஓடிப்போய் மிளகுத் தெளிப்பானை அடித்தார். தாங்கள் சண்டையே போடவில்லை என்று அந்தக் கூட்டத்தினர் சொன்னார்கள். காவல்துறை அவரைத்தான் கைதுசெய்தது. பின்னர் வழக்குத் தொடரப்படவில்லை என்றாலும், நீதிமன்றத்துக்குப் போனபோது அவர் முகமூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. பாதியில் வந்து சேர்பவருக்கு யார் அடித்தவர், யார் தடுத்தவர் என்று தெரியாது. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் அது தெரியாது.

நம் பொற்கைப் பாண்டியன் கதையும் இதையேதான் சொல்கிறது. இரவில் நகர்வலம் வந்த மன்னன், கீரந்தையின் வீட்டுக்குள் ஆண்குரல் கேட்டதும் யாரோ அயலான் புகுந்துவிட்டான் என்று எண்ணிக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருந்தவனோ ஊரிலிருந்து திரும்பிய கணவன். அந்தப் பெண்மீது பழி வந்துவிடக் கூடாதே என்று தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டு ஓடுகிறான். மறுநாள் அவைக்கு வந்த புகாரைக் கேட்டுத் தன் கையையே வெட்டிக்கொள்கிறான். மன்னனுக்காவது தன் தவறுக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள ஓர் அவை இருந்தது. உங்கள் நாயகி தவறான கதவைத் தட்டினால் யார் முன்னால் போய் நிற்பார்? கதையில் என்னை ஈர்க்கும் கேள்வி அதுதான்.

தையல்நூல் எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுபவள் என்ற முறையில் உடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கதைகளில் நாயகர் ஒரே குத்தில் எதிரியை மயங்க வைப்பார். எதிரி அரை மணி நேரம் கழித்துத் தலையைத் தடவியபடி எழுந்து உட்காருவார். தலையில் அடிபட்டுச் சில நிமிடங்களுக்கு மேல் நினைவு திரும்பவில்லை என்றாலே நாங்கள் மூளையில் கடுமையான காயம் இருக்குமோ என்று பதறுவோம். குத்தைவிடவும் ஆபத்தானது, குத்து வாங்கியவர் நிலைதடுமாறி விழும்போது பின்மண்டை கல்தரையில் மோதுவது. யாரையும் கொல்வதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு, அதே வேளையில் இரவுதோறும் தலையில் குத்தும் நாயகர் உண்மையில் இருக்க முடியாது. வெகு சீக்கிரம் யாரோ ஒருவர் இறந்துபோவார். குத்தியவருக்கும் நட்டம் உண்டு. வெறுங்கையால் மண்டையோட்டில் குத்துபவர்களுக்குச் சுண்டுவிரலுக்கு நேர்கீழே கையெலும்பு முறிவது மிகச் சாதாரணம். லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்குக் கைதான் பிழைப்பு என்பதை மறந்துவிடாதீர்கள். வலக்கையில் கட்டுப் போட்ட வாரங்களில் அவர் என்ன செய்வார், மேலாளரிடம் என்ன காரணம் சொல்வார் என்பதே ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும்.

உடை விஷயத்திலும் கவனம் தேவை. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மென்மையான கவச உடைகள் கத்திக் குத்தையும் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குண்டின் விசையை அகலமாகப் பரப்பித் தாங்கும் நெசவின் இழைகளுக்கு நடுவே கத்தியின் கூர்முனை நுழைந்துவிட முடியும். கத்தித் தடுப்புக்கென்றே செய்த கவசம் வேறு வகையைச் சேர்ந்தது. முகமூடியின் கண் துளைகள் பக்கப் பார்வையைக் குறைத்துவிடும். எதிர்காற்றில் அடித்த மிளகுத் தெளிப்பான் அடித்தவர் முகத்திலேயே வந்து படியும். தோளிலிருந்து தொங்கும் துணியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. லிஃப்ட் இயந்திரத்தின் அருகில் வேலை செய்பவருக்குத் தொங்கும் துணி என்ன செய்யும் என்பது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மைக்கூடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கையெலும்பு முறிவை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது என் ஐயம் பெரிதாகிவிட்டது. ரோந்து வீண், சண்டை ஆபத்து, சாட்சி சொல்ல முகமூடியைக் கழற்ற வேண்டும் என்றால், முகமூடிக்கு வேலையே இல்லையே. வேடத்தை அடியோடு விட்டுவிட்டு, வழக்குத் தொடுக்கும் ஒரு பெண்ணின் கதையாகத்தான் இதை எழுத வேண்டுமா?

பழைய ஏடு எழுதியது:

விட வேண்டியதில்லை நண்பரே. முகமூடியை அடிதடிக்கான கருவியாக நினைப்பதால்தான் அது பயனற்றதாகத் தெரிகிறது. முகமூடி நாயகர்களின் சித்திரக்கதைகள் தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே சாதாரண மக்கள் வேடமணிந்து தட்டிக்கேட்டிருக்கிறார்கள். அவர்களில் வென்றவர்களையும் சீரழிந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ஒரு வழி தெரியக்கூடும்.

1839 முதல் 1843 வரை வேல்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில், சாலைச் சுங்கத்தால் நொந்துபோன உழவர்கள் பெண்களின் உடையை அணிந்து, முகத்தில் கரி பூசி, தங்கள் தலைவரை ரெபெக்கா என்று அழைத்துக்கொண்டு, இரவில் போய்ச் சுங்க வாயில்களை உடைத்தார்கள். யார் ரெபெக்கா என்று கேட்டால் பதில் கிடையாது. அன்றிரவு முன்னால் நிற்பவர் ரெபெக்கா. 1844இல் சுங்க முறையைச் சீர்திருத்தும் சட்டம் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தில், பெருநிலக்கிழார்களுக்குக் குத்தகை கட்டி மாளாத குடியானவர்கள் பூப்போட்ட பருத்தி அங்கியும் ஆட்டுத்தோல் முகமூடியும் அணிந்து, தகரக் கொம்பு ஊதி ஊரைக் கூட்டி, ஜப்தி செய்ய வந்த அதிகாரிகளை மறித்தார்கள். அதற்கு எதிராக 1845இல் அந்த மாநிலம் முகமூடித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டே ஆகஸ்டில் ஓர் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட, இயக்கத்தின்மீது அடக்குமுறை பாய்ந்தது. அந்தத் தடை வெவ்வேறு வடிவங்களில் 2020 வரை நீடித்து, நோய்த்தொற்றுக்காக எல்லோரும் முகக்கவசம் அணிய நேர்ந்தபோதுதான் நீக்கப்பட்டது என்பது வரலாற்றின் குறும்பு.

இதன் மறுபக்கம் கொடூரமானது. அமெரிக்காவின் மிசௌரி மாநில மலைப்பகுதியில் 1885இல் திருடர்களையும் கொலைகாரர்களையும் ஒழிக்கவென்று ஒரு குழு கிளம்பியது. அதன் பக்கத்து மாவட்டக் கிளையினர் கொம்பு வைத்த கருப்பு முகமூடி அணிந்தார்கள். திருடனை அடித்தவர்கள், பிறகு குடிகாரனை அடித்தார்கள்; பிறகு மனைவியோடு சரியாக வாழாதவனை அடித்தார்கள்; பிறகு தங்களைக் குறைசொன்னவனை அடித்தார்கள். 1887இல் ஒரு வீட்டுக்குள் புகுந்து இருவரைக் கொன்றதற்காக, 1889இல் அவர்களில் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கருப்பின மக்களை வெள்ளை அங்கிக்குள் ஒளிந்துகொண்டு வேட்டையாடிய கூட்டமும், தன்னை ஒழுங்கைக் காப்பாற்றும் படையாகவே சொல்லிக்கொண்டது. வேடமணிந்து தட்டிக்கேட்பதைப் பற்றி எழுதுபவர் யாராக இருந்தாலும் இந்த நிழலைக் காணாததுபோல் கடந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த இரு தரப்பினருக்கும் இடையே நான் காணும் வேறுபாடு, அவர்கள் எதன்முன் போய் நின்றார்கள் என்பதில் இருக்கிறது. சுங்க வாயில் ஓரிடத்தில் நிற்பது. ஜப்திக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே யார் செய்தார், என்ன நடந்தது என்று இருட்டில் ஊகிக்க வேண்டியதில்லை. கொம்பு முகமூடிக்காரர்களோ ஆட்களைத் தேடிப் போனார்கள். யார் தீயவர் என்று தாங்களே முடிவுசெய்தார்கள்.

நம் காலத்துக்கு வந்தால், மெக்சிகோ நகரத்து சூப்பர்பாரியோவை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1985 செப்டம்பர் நிலநடுக்கத்தில் அந்நகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், ஏராளமானோர் வீடிழந்தார்கள். அதைத் தொடர்ந்து எழுந்த குடியிருப்போர் இயக்கத்திலிருந்து, 1987இல் சிவப்பு உடையும் மஞ்சள் மேலங்கியும் மல்யுத்த முகமூடியும் அணிந்த ஒருவர் தோன்றினார். அவர் யாரையும் அடிக்கவில்லை. குடும்பம் ஒன்றைக் காலிசெய்ய ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தால், அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பார். அதிகாரிகளோடு பேச்சு நடத்த முகமூடியோடே செல்வார். அந்த நாட்டில் மல்யுத்த முகமூடிக்கு இருக்கும் மதிப்பும் அவருக்குத் துணைநின்றது. புகழ்பெற்ற மல்யுத்த வீரர் எல் சாந்தோ 1984இல் இறந்தபோது முகமூடியோடுதான் அடக்கம் செய்யப்பட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொந்தியும் தொப்பையுமாக இறுக்கமான உடையில் வந்து நின்ற அந்த மனிதரைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள்கூட, அவரைப் படம்பிடிக்கக் கூடிய செய்தியாளர்கள் முன்னால் ஒரு குடும்பத்தைத் தெருவில் தூக்கி எறியத் தயங்கினார்கள். அங்கே முகமூடி ஒளிவதற்காக இல்லை, எல்லோர் கண்ணிலும் படுவதற்காக இருந்தது.

இன்னொருவர் அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில், 1969 முதல் 'நரி' என்ற பெயரில் இயங்கியவர். அவர் ஓர் அறிவியல் ஆசிரியர். ஆற்றில் கழிவைக் கொட்டிய சோப்புத் தொழிற்சாலையின் வடிகுழாயை இரவில் போய் அடைத்தார். புகைபோக்கிமீது ஏறி அதற்கு மூடி போட்டார். ஓர் எஃகு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்து, அந்நிறுவனம் ஏரியில் விட்ட கழிவையே கொண்டுபோய்த் தரைவிரிப்பில் ஊற்றினார். வேடம் என்று பெரிதாக ஏதுமில்லை. நரிமுகம் வரைந்த கையொப்பத்தோடு ஒரு சீட்டை விட்டுச் செல்வார். அதுவே அவருடைய முகமூடி.

குறுக்குக்கேள்வி எழுதியது:

பழைய ஏடு அவர்களின் பதிவு அருமை. ஆனால் நரியை அவ்வளவு எளிதாக நல்லவர் வரிசையில் சேர்த்துவிடலாமா? அடுத்தவர் குழாயை அடைப்பதும் அத்துமீறி நுழைவதும் குற்றம்தான். இலக்கு ஓரிடத்தில் நிற்கிறது என்பதாலேயே செயல் நியாயமாகிவிடாது. அப்படிப் பார்த்தால் எரியூட்டுபவனுடைய இலக்கும் ஓரிடத்தில்தான் நிற்கிறது.

ரோந்தையும் முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். 1979இல் நியூயார்க் சுரங்க ரயில்களில் 13 பேருடன் தொடங்கிய கார்டியன் ஏஞ்சல்ஸ் அமைப்பினர் சிவப்புத் தொப்பி அணிந்தார்கள், ஆயுதம் ஏந்தவில்லை, முகத்தை மறைக்கவும் இல்லை. அவர்களால் குற்றம் குறைந்ததா என்று வாதிடலாம். நள்ளிரவு ரயிலில் தனியே பயணம் செய்த பலருக்கு அந்தத் தொப்பியைக் கண்டதும் தைரியம் வந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் வரலாற்றில் உங்கள் கதைக்கு அதைவிடப் பெரிய தீனி இருக்கிறது. அமைப்பின் நிறுவனர் கர்ட்டிஸ் ஸ்லிவா, தொடக்க காலத்தில் தாங்கள் செய்ததாகப் பரப்பிய வீரச்செயல்களில் சில இட்டுக்கட்டியவை என்று 1992இல் தாமே ஒப்புக்கொண்டார். சக்தி இல்லாதவருக்குப் பெயர்தான் மூலதனம். பெயரை வளர்க்கக் கதை வேண்டும். நிஜம் போதுமான கதையைத் தராவிட்டால், கற்பனை கைகொடுக்க வந்துவிடும். உங்கள் நாயகி முதல் பொய்யைச் சொல்லும் இடம், முதல் குத்து விழும் இடத்தைவிட முக்கியமானது.

சிரிப்பைப் பற்றி பழைய ஏடு சொன்னதற்கு ஒரு சேர்க்கை. கொலம்பியாவின் தலைநகரான பொகொட்டாவில் மேயராக இருந்த அந்தானாஸ் மோக்குஸ், தாமே இறுக்கமான நாயக உடை அணிந்து நகரைச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னார். சாலை விதிகளை மீறுபவர்களைக் கேலி செய்ய, முகத்தில் வெள்ளை பூசிய ஊமை நடிகர்களைச் சந்திப்புகளில் நிறுத்தினார். அபராதத்துக்கு அஞ்சாதவர்கள் கேலிக்கு அஞ்சினார்கள். அதிகாரம் கையில் இருப்பவர் வேடமணிவதும் அது இல்லாதவர் வேடமணிவதும் ஒன்றல்ல என்றாலும், வேடத்தின் வலிமை எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

மைக்கூடு எழுதியது:

கதையைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். வழிப்பறிக்காரர்களைத் தேடி அலையும் பகுதியில் ஒரே ஓர் இரவை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதில் அவர் தவறான கதவைத் தட்டுகிறார், கை முறிகிறது.

அதன்பின் அவர் தமக்குத் தெரிந்த இடத்துக்கே திரும்புகிறார். பல கட்டடங்களில் லிஃப்ட்டை யாரும் பரிசோதிப்பதே இல்லை. பரிசோதித்ததாகச் சான்றிதழ் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. வடம் தேய்ந்து இழை பிரிந்திருப்பதும், பிரேக் தேய்ந்திருப்பதும் அவருக்குத் தெரியும். புகார் எழுதிப் பார்த்துப் பயனில்லாமல் போயிருக்கிறது. ஆகவே முகமூடி அணிந்து இரவில் மெஷின் ரூமுக்குள் நுழைந்து, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, தேய்ந்த வடத்தின் படத்தை எல்லாத் தளங்களிலும் ஒட்டிவிட்டுப் போகிறார். இலக்கு நகராது, ஆதாரம் கண்முன்னே இருக்கிறது, யாரையும் அடிக்க வேண்டியதில்லை. இது தாங்குமா?

குறுக்குக்கேள்வி எழுதியது:

தாங்கும். ஆனால் பன்னிரண்டாம் தளத்தில் நடக்க முடியாத ஒரு முதியவர் இருக்கட்டும். லிஃப்ட் நின்ற இரவில் அவருக்கு நெஞ்சுவலி வரட்டும். தையல்நூல் போன்றவர்கள் அவரைப் படிக்கட்டு வழியாகத் தூக்கிவர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு எழுதுங்கள்.

தையல்நூல் எழுதியது:

இதயம் நின்றுபோன ஒருவருக்கு முதலுதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஓடாத லிஃப்ட் உள்ள கட்டடத்தில் பன்னிரண்டு மாடி ஏறிப்போய்ச் சேர்வதற்கே அந்த நிமிடங்கள் தீர்ந்துவிடும். தூக்குப்படுக்கையில் வைத்து இறக்கும்போது படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நெஞ்சை அழுத்துவதை நிறுத்தவும் வேண்டிவரும். அவர் பிழைப்பதாக எழுதுவதென்றால், அதே மாடியில் நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும்.

கோட்டான் எழுதியது:

இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் விட்டால் உங்கள் நண்பர் மறுபடியும் பத்தாம் பக்கத்தில் நிறுத்திவிடுவார். மெஷின் ரூம் சாவி எத்தனை பேரிடம் இருக்கும்? கட்டடத்தின் காவலாளி, பராமரிப்பு நிறுவனம், நிறுவனத்தின் சில ஊழியர்கள், அவ்வளவுதான். வடத்தில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று துல்லியமாகப் படமெடுப்பவர் தொழில் தெரிந்தவர் என்பதும் வெளிப்படை. புலனாய்வாளர் முதல் நாளே பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டி, கடைசியாகக் கையெழுத்திட்டவர் யார் என்று பார்ப்பார். அந்தக் கட்டடம் நாயகி பராமரிப்பதாக இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. வேறொருவர் பராமரிப்பதாக இருந்தால், செய்யாத செயலுக்காக அந்தச் சக ஊழியர் மாட்டிக்கொள்வார்.

நான் எழுதுவதாக இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். அந்தச் சக ஊழியருக்கு நாயகியைப் பிடிக்காது என்றும் வைத்துக்கொள்வேன். அடுத்த பகுதியை எழுதியதும் இங்கேயே பகிருங்கள், பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.